பறிக்கப்பட்டதைத் தவிர எதை விட்டோம்?

"இப்பல்லாம் யாரு சாதி பாக்குறா? அதெல்லாம் எங்க தாத்தா காலத்தோட போச்சு." கம்பம், சின்னமனூர், போடி, தேனி என்று எந்த ஊர்க் கல்யாண மண்டபத்தில் பந்திக்கு உட்கார்ந்தாலும் இந்த வசனம் காதில் விழும். சொல்கிறவர் வேண்டுமென்றே பொய் சொல்வதாகவும் நினைக்க முடியாது. அவர் தன் தாத்தாவைப் பார்த்து வளர்ந்தவர். தாத்தா செய்ததைத் தான் செய்வதில்லை என்பது அவருக்குத் தெரியும். அந்த வித்தியாசத்தையே சாதி ஒழிந்ததற்குச் சான்றாகக் காட்டுகிறார். அதே மண்டபத்து வாசல் ஃபிளெக்ஸில் மணமக்கள் படத்துக்கு மேலே எந்தச் சாதித் தலைவரின் படம் இருக்கிறது, எந்த இரண்டு நிறத்தில் பேனர் அடித்திருக்கிறார்கள் என்பது மட்டும் அவர் கண்ணில் படுவதில்லை.

தலைமுறை மாற மாறச் சாதி தானாகத் தேய்ந்துவிடும் என்பது ஆதிக்கச் சாதிக் குடும்பங்களுக்கு மிகவும் வசதியான நம்பிக்கை. யாரும் எதுவும் செய்ய வேண்டாம், பெருசுகள் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிற நம்பிக்கை. என் குடும்பத்தின் நான்கு தலைமுறைகளை வைத்துப் பார்த்தால் எனக்குத் தெரிவது வேறு. ஒவ்வொரு தலைமுறையும், சட்டமும் போராட்டமும் பிடுங்கியதை மட்டுமே விட்டது. பிடுங்கப்படாத எதையும் தானாக விடவில்லை.

நான் உத்தமபாளையம் பக்கத்தில் ஒரு பிறமலைக் கள்ளர் குடும்பத்தில் பிறந்தவள். சாதியை இங்கே எழுதுவது பெருமைக்காக அல்ல. யார் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன் என்பது வாசிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

அப்பாவைப் பெற்றவரை எங்கள் பக்கம் சீயான் என்போம். சீயானுக்கு முல்லைப் பெரியாறு பாயும் இரண்டு போக வயல் கொஞ்சம் இருந்தது. வயலில் நாற்றுப் பறித்ததும் நட்டதும் அறுத்ததும் காலனி மக்கள். களத்து மேட்டில் அவர்களுக்குக் கஞ்சி ஊற்றும்போது அப்பத்தா பாத்திரத்தை உயரத் தூக்கி ஊற்றும். ஒரு துளி தெறித்துத் தன் பாத்திரத்தில் பட்டால் தீட்டு. ஊர் டீக்கடையில் அவர்களுக்குச் சிரட்டை. பின்னால் தனிக் கிளாஸ். எங்கள் வீட்டில் அரைக்கால் சட்டை போட்ட பையன்கூட அறுபது வயதுக்காரரைப் பேர் சொல்லி "இங்க வாடா" என்று கூப்பிடுவான். அவர் "வந்துட்டேன் சாமி" என்பார். இதை யாரும் யாருக்கும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை. நெல் எப்போது முற்றும் என்பது தெரிகிற மாதிரி இதுவும் தெரிந்திருந்தது.

அப்பா தலைமுறையில் சிரட்டை போனது, தனிக் கிளாஸ் போனது. எப்படிப் போனது? சீயானின் மனம் இளகியா? இல்லை. தீண்டாமைக் குற்றச் சட்டம் 1955இல் வந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் வந்தது. அந்தச் சட்டங்களைக் கையில் எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துப் படியேறித் தலித் மக்கள் அடிவாங்கினார்கள், வழக்கு நடத்தினார்கள். இன்னொரு பக்கம் மலை இருந்தது. விடியற்காலையில் ஜீப்பில் ஏறி, கம்பம் மெட்டு வழியாகவோ குமுளி வழியாகவோ போடி மெட்டு வழியாகவோ இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போனால் கையில் ரொக்கக் கூலி. "சாமி" என்று சொல்லாமலே அடுப்பெரியும் என்கிற நிலைமை வந்த பிறகுதான் எங்கள் ஆட்கள் "வாப்பா, போப்பா" என்று பேசப் பழகினார்கள். இரட்டைக் குவளை ஒழிந்ததில் பேப்பர் கப்புக்கும் பங்கு உண்டு. குடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற கப்பில் யார் எச்சில் என்ற கேள்வியே எழாது. கிளாஸை ஒரே மாதிரி கழுவி வைக்க மனம் வராதவர்களுக்குக் கம்பெனிக்காரன் கொடுத்த வழி அது. அதைச் சமத்துவம் என்று எழுதிக்கொண்டோம்.

அப்பா அரசு வேலைக்குப் போனவர். யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசி நான் கேட்டதில்லை. அலுவலகத்தில் தலித் அதிகாரிக்குக் கீழே பல ஆண்டுகள் வேலை செய்தார். அவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய் மொய் எழுதிவிட்டு வந்தார். ஆனால் வீட்டுக்கு யாராவது புதிதாக வந்துவிட்டுப் போனால் அம்மாவிடம் மெதுவாக, "என்ன ஆளுக?" என்பார். அந்த மூன்றாவது ஆள் கேட்காத தணிந்த குரல்தான் அவருடைய தலைமுறையின் சாதி. தெருவில் விட்டதை நடுவீட்டில் வைத்துக்கொண்டது. கை நீட்டி அடிக்காது, கெட்ட வார்த்தை பேசாது, ஆனால் பெண் கொடுக்காது, பெண் எடுக்காது, வாடகைக்கு வீடு கேட்டு வந்தால் "இப்பத்தான் ஒருத்தர் அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாரு" என்று சொல்லி அனுப்பும். அந்தப் பொய்யைச் சிரித்த முகத்தோடு சொல்லத் தெரிந்ததுதான் நாகரிகம்.

1989 போடிக் கலவரத்தின்போது எனக்குப் பதினான்கு வயது. பள்ளத்தாக்கு முழுக்க அந்தத் தீ பரவியது. பேருந்து இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தோம். உயிர்கள் போயின, வீடுகள் எரிந்தன. எங்கள் வீட்டில் இன்றைக்கும் அந்தக் கதையைச் சொல்வார்கள். ஆனால் எப்படிச் சொல்வார்கள்? "அவனுக பேசுன பேச்சு அப்படி" என்று தொடங்கும். எங்கள் ஆட்கள் பட்டது பேர் பேராக வரும். காலனியில் நடந்ததைப் பற்றி ஒரு வரி இருக்காது. அண்ணன் மகனுக்கு இந்தப் பாதிக் கதைதான் முழுக் கதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. அதே 1989இல் நடந்த மோதலுக்குப் பிறகு, ஆண்டிபட்டிக் கணவாய்க்கு அந்தப் பக்கம் எழுமலைக்கு அருகே உத்தப்புரத்தில் தலித் குடியிருப்பை மறித்துச் சுவர் எழுப்பினார்கள். 2008 மே மாதம்தான் அதில் ஒரு பகுதி உடைக்கப்பட்டது. சுவர் எழுந்த காலத்தில் பிறந்த பிள்ளைக்கு அப்போது ஏறக்குறைய பத்தொன்பது வயது. சுவரைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைக்குச் சுவர் இயற்கை. அதை உடைத்தவன்தான் கலகக்காரன். குடும்பத்துக்குள் சொல்லப்படும் பாதிக் கதையும் அப்படிப்பட்ட சுவர்தான். என்ன, அதை உடைக்க புல்டோசர் வராது.

இப்போது நான்காவது தலைமுறைக்கு வருவோம். பெயரை வைத்தே ஒரு கதை சொல்லிவிடலாம். சீயானின் நிலப் பத்திரத்தில் பெயருக்குப் பின்னால் "தேவர்" உண்டு. அப்பாவின் பள்ளிச் சான்றிதழில் அது இல்லை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் போட்டார்களே, அதன் அலை முப்பது நாற்பது ஆண்டுகள் கழித்து எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளி வருகைப் பதிவேட்டையும் தொட்டிருக்கிறது. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா 1987இல் எடுத்த 'வேதம் புதிது' படத்தில், பெயருக்குப் பின்னால் இருக்கும் பட்டத்தைப் பற்றி ஒரு சிறுவன் பெரியவரைக் கேள்வி கேட்டு நிலைகுலைய வைப்பான். எங்கள் ஊர்க் கொட்டகையில் கைதட்டினார்கள். இன்றைக்கு அண்ணன் மகனின் இன்ஸ்டாகிராமைத் திறந்தால் பெயருக்குப் பின்னால் "தேவர்" மறுபடியும் உட்கார்ந்திருக்கிறது. பைக்கின் முன்கண்ணாடியில் அதே சொல். மணிக்கட்டில் இரண்டு நிறக் கயிறு. அப்பா பள்ளிக்கூடத்தில் விட்டதைப் பேரன் கைபேசியில் கண்டெடுத்துவிட்டான். அவன் பொறியியல் படித்தவன்.

தேய்ந்துகொண்டே வரும் என்று சொன்னீர்களே, இது எந்தக் கணக்கில் வரும்?

அவன் ஒருவன் கதை அல்ல இது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு படித்த தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அவனோடு படித்த பள்ளி மாணவர்கள்தான். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. மாணவர்கள் கையில் நிறக் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டும், பள்ளிகளின் பெயரில் இருக்கும் சாதி அடையாளத்தை நீக்க வேண்டும் என்றெல்லாம் அது சொன்னது. உடனே எங்கள் பக்கம் கொதித்தது எதற்காகத் தெரியுமா? குழந்தைகள் வெட்டிக்கொள்வதற்காக அல்ல. கள்ளர் சீரமைப்புப் பள்ளியின் பெயர் போய்விடுமே என்பதற்காக. 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் பட்டப்பகலில் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் கைதானவர் ஏதோ ஓர் ஊர்ப் பெரிய மனிதர் அல்ல. இருபதுகளில் இருக்கும் இளைஞர். பெற்றோர் இருவரும் காவல் துறை உதவி ஆய்வாளர்கள். தாத்தா காலத்தோடு போய்விட்டது என்பவர்கள் இந்த வயதுகளைக் கொஞ்சம் எழுதி வைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் பிள்ளைகள் "ஆண்ட பரம்பரை" என்று பாட்டுப் போட்டு ஆடும்போது எனக்குச் சீயானின் நினைவு வரும். குற்றப் பரம்பரைச் சட்டம் 1911க்குப் பிறகு சென்னை மாகாணத்தில் எங்கள் மக்கள் மீது பாய்ந்தது. எங்கள் பக்கம் அதற்குப் பெயர் ரேகைச் சட்டம். ஒருவன் திருடினானா இல்லையா என்ற கேள்வியே கிடையாது. இந்தச் சாதியில் பிறந்தான், ஆகவே குற்றவாளி. விரல் ரேகையைப் பதிவு செய். வயதுவந்த ஆண் ராத்திரி காவல் நிலையத்தில் படுக்க வேண்டும். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கல்யாணமான மாப்பிள்ளையும் அப்படித்தான். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கிச் சூடு நடத்தினார்கள். மாயக்காள் உட்படப் பலர் செத்தார்கள். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. பிறப்பை வைத்து மனிதனை அளப்பது எவ்வளவு பெரிய கேவலம் என்பதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் எங்களுக்கு இல்லை. சீயானின் கட்டைவிரலில் இருந்தது அது. அந்தக் கட்டைவிரல் உள்ள கையைத்தான் சீயான் காலனிக்காரர் மீது ஓங்கினார். தனக்குச் செய்யப்பட்டதைப் பேரனுக்குச் சொன்னார். தான் செய்ததைச் சொல்லவில்லை. பேரனோ அந்த முதல் பாதியையும் மறந்துவிட்டு ராஜா வேடம் கட்டுகிறான்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் இதே பள்ளத்தாக்கில் இருக்கிறது. எங்கள் வீட்டுச் சாமி படங்களுக்கு நடுவே ஒரு வெள்ளைக்காரர் இருக்கிறார். ஜான் பென்னிகுயிக். 1895இல் பெரியாறு அணையைக் கட்டி முடித்து, மேற்கே ஓடிய தண்ணீரைக் கிழக்கே திருப்பிவிட்டவர். தை மாதம் அவர் பிறந்த நாளில் பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர் கேம்பில் 2013இல் மணிமண்டபம் திறந்தார்கள். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்த வீடுகள் உண்டு. சுட்டவனும் வெள்ளைக்காரன், அணை கட்டியவரும் வெள்ளைக்காரர். எங்கள் அப்பத்தா இரண்டு பேரையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டதே இல்லை. "அவன் பாவி, இவரு புண்ணியவாளன்" என்று பிரித்துச் சொல்லும். நிறத்தைப் பார்க்காமல், பிறந்த நாட்டைப் பார்க்காமல், செய்த வேலையைப் பார்த்து மனிதனை மதிப்பிடப் படிக்காத அப்பத்தாவுக்குத் தெரிந்திருந்தது. அது பேரப்பிள்ளைகள் வரை வந்து சேர்ந்தும் இருக்கிறது. அப்படியானால் பென்னிகுயிக் கொண்டுவந்த தண்ணீரில் முழங்கால் அளவு நின்று நாற்று நட்டவளுக்கு மட்டும் ஏன் அந்த அளவுகோல் இல்லை? கடல் கடந்து வந்தவரைச் சாமியாக்கத் தெரிந்த குடும்பத்துக்கு, கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருப்பவரைச் சம்பந்தியாக்கத் தெரியாதா?

தெரியும். வேண்டாம் என்பதுதான் விஷயம். காரணம், பென்னிகுயிக் பெண் கேட்டு வரப்போவதில்லை. சாதியின் வேர் திருமணத்தில் இருக்கிறது என்று அம்பேத்கர் 1916லேயே சொன்னார். அகமண முறை நிற்கிற வரைக்கும் மற்ற எல்லாவற்றையும் நாம் விட்டுக்கொடுத்த மாதிரி நடிக்கலாம்.

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு பிரச்சினையின்போது இடுக்கித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் தாக்கப்பட்டார்கள். அடித்தவர்களுக்கு எல்லோரும் "பாண்டி"தான். கள்ளர் பாண்டி, பள்ளர் பாண்டி என்று பிரித்து அடிக்கவில்லை. பள்ளத்தாக்கு முழுக்கச் சாதி பார்க்காமல் திரண்டு குமுளியை நோக்கி நடந்தது. நம்மையும் இனமாகப் பார்த்து ஒருவன் இழிவு செய்யும்போது நமக்குள் ஒரே ஊராகிவிடத் தெரிகிறது. ஊர்வலம் முடிந்து அவரவர் தெருவுக்குத் திரும்பிய பிறகு, அந்த ஒற்றுமையில் விளைந்த கல்யாணம் என்று எனக்குத் தெரிந்து எங்கள் ஊரில் ஒன்றும் இல்லை.

வாய்க்கும் வீட்டுக்கும் இடையில் இருக்கும் இந்தத் தூரம் நமக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவில் வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதை 1958இல் 4 விழுக்காட்டினர்தான் ஏற்றார்கள் என்கிறது கேலப் கருத்துக்கணிப்பு. 2021இல் 94 விழுக்காடு. ஆனால் உண்மையில் வேறு இனத்தவரை மணந்த புதுமணத் தம்பதியர் 2015இல் 17 விழுக்காடு. 1967இல் அது 3 விழுக்காடு. அந்த 1967தான் அவர்களின் உச்ச நீதிமன்றம் லவ்விங் வழக்கில் கலப்பு மணத் தடைச் சட்டங்களை உடைத்தெறிந்த ஆண்டு. அங்கேயும் தாத்தாக்கள் செத்ததால் மட்டும் மாறவில்லை. நீதிமன்றமும் தெருப் போராட்டமும் தள்ளியதால் மாறியது. நம் கணக்கோ இன்னும் கேவலம். 2011-12இல் எடுக்கப்பட்ட இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வின்படி சாதி கடந்த திருமணம் நூற்றுக்கு ஏறக்குறைய ஐந்துதான்.

அந்த ஆய்வின் தரவை வைத்து டெல்லி இந்தியப் புள்ளியியல் நிறுவன ஆய்வாளர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். யார் படித்தால் சாதி கடந்த திருமணம் கூடுகிறது? மாப்பிள்ளை படித்தாலா, பெண் படித்தாலா, அப்பா படித்தாலா? வந்த விடை என்னைத் தூக்கிவாரிப் போட்டது. மணமக்களின் படிப்பு குறிப்பிடத்தக்க மாற்றம் எதையும் செய்யவில்லை. மாப்பிள்ளையின் அம்மா பத்து ஆண்டுகள் கூடுதலாகப் படித்திருந்தால் அந்த வாய்ப்பு 36 விழுக்காடு கூடுகிறது. யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. நம் ஊரில் பிள்ளைகள் கல்யாணம் செய்துகொள்வதில்லை, செய்து வைக்கப்படுகிறார்கள். மகனுக்குப் பெண் பார்ப்பதில் அம்மாவின் "ம்ஹூம்"தான் முதல் தடை. அவன் ஐ.டி. கம்பெனியில் இருந்தாலும் அமெரிக்காவில் இருந்தாலும் அம்மாவின் அந்த ஒரு சத்தம் போதும். ஆணாதிக்கம் நமக்கு வேறு எந்த அதிகாரத்தையும் தராமல், சாதியைக் காவல் காக்கும் அதிகாரத்தை மட்டும் அடுப்படிக்குள் கொண்டுவந்து கொடுத்திருக்கிறது.

அந்த அதிகாரத்தின் விலை என்னவென்று எங்கள் பக்கத்துப் பெண்களுக்குத் தெரியும். 2014இல் உசிலம்பட்டிப் பக்கம் விமலாதேவி என்ற இளம்பெண், தலித் இளைஞரை மணந்ததற்காகக் கொல்லப்பட்டு அவசர அவசரமாக எரிக்கப்பட்டார் என்பது வழக்கு. அந்த வழக்கில்தான் 2016இல் சென்னை உயர் நீதிமன்றம், சாதி மறுப்புத் தம்பதியரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொல்லி உத்தரவிட்டது. 2018இல் உச்ச நீதிமன்றமும் சக்தி வாகினி வழக்கில் வழிகாட்டுதல்கள் தந்தது. கவின் கொலைக்குப் பிறகு, 2025 அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கும் சட்டத்துக்குப் பரிந்துரை தர ஓய்வுபெற்ற நீதிபதி கே.என்.பாஷா தலைமையில் ஆணையம் அறிவிக்கப்பட்டது. தனிச்சட்டம் வந்தே தீர வேண்டும். சிரட்டையைச் சட்டம் இல்லாமல் நாம் விடவில்லை. அரிவாளை மட்டும் சட்டம் இல்லாமல் விட்டுவிடுவோமா?

ஆனால் எந்தச் சட்டமும் உள்ளே வர முடியாத ஓர் இடம் இருக்கிறது. "என்ன ஆளுக?" என்று கேட்கும் அந்தத் தணிந்த குரல். அதை வெளியில் இருந்து யாரும் பிடுங்க முடியாது. நாமாகத்தான் விட வேண்டும். இதுவரை நான்கு தலைமுறையில் நாமாக விட்டது ஒன்றுமில்லை என்பதால், விட்டால் இதுதான் முதலாவதாக இருக்கும்.

என் மகனுக்கு இருபத்தைந்து வயது. உறவுக்காரர்கள் ஜாதகம் கேட்டு வருகிறார்கள். அந்த ஆய்வு சொல்லும் "மாப்பிள்ளையின் அம்மா" இப்போது நான்தான். சொந்தத்தில் பலருக்குக் கோபம் வரும் என்று தெரிந்தே இதை எழுதுகிறேன். அவனுக்காக நான் எந்தச் சாதித் திருமணத் தகவல் மையத்திலும் பதியவில்லை, பதியப் போவதுமில்லை. அவன் யாரைக் கூட்டிக்கொண்டு வந்தாலும் என் வாயிலிருந்து அந்த இரண்டு சொல் வராது. அவனிடம் சீயானின் ரேகைக் கதையைச் சொல்லியிருக்கிறேன். அதோடு, சீயான் யாரை எப்படிக் கூப்பிட்டார், அப்பத்தா எவ்வளவு உயரத்திலிருந்து கஞ்சி ஊற்றினார் என்பதையும் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மகனுக்கும் சொன்னேன். "அத்தை, நம்ம ஆளுகளை நீங்களே இப்படிப் பேசலாமா?" என்று கேட்டான். பேசலாம். பாதிக் கதையைக் கேட்டு வளர்ந்ததால்தான் உன் கையில் கயிறு இருக்கிறது. மீதியைச் சொல்ல வேண்டியது என் தலைமுறையின் கடன் என்றேன். கயிற்றை அவன் இன்னும் அவிழ்க்கவில்லை. நானும் சொல்வதை நிறுத்தவில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் மகனைப் பெற்ற ஒவ்வொரு தாயிடமும் கேட்கிறேன். சட்டம் வரும் வரை, ஊர் மாறும் வரை, பெருசுகள் சாகும் வரை காத்திருக்கச் சொல்வார்கள். காத்திருந்தால் அடுத்த பெருசு நாம்தான்.